மூன்றாம் வளைவின் வெற்றுக் கட்டம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லக் கேட்டுக் கண்ணும் காதும் வைத்து எழுதியது என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேய்க் கதை என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும். என் கதையில் அதெல்லாம் கிடையாது. எனக்கு நடந்தது பட்டப்பகல். காலை 10:17. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கையில் வாட்ச் இருந்தது, பார்த்தேன். அதனால்தான் நிமிடம் உட்படச் சொல்கிறேன்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பதிமூன்று வருடமாக நிழலைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எது எலும்பு, எது நிழல், எது படத்தில் விழுந்த கறை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். வேலை நேரத்தில் நெஞ்சில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை குத்தியிருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிற வில்லை அது. வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். எனக்கு மறந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கே அதைக் குத்திக்கொண்டு போயிருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டார் அதைப் புதுமாதிரி நகை என்று விசாரித்தார்கள். இந்த வில்லையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் வருகிற ஆறு ஆழமானது. அதைவிட ஆழமானது என் வயிற்றெரிச்சல்.

எனக்கு ஒரு தங்கை. எட்டு வயது இளையவள். வீட்டில் அவள் பெயரே சின்னவள் என்று ஆகிவிட்டது. நான் நடக்கச் சொல்லிக்கொடுத்தவள். சைக்கிள் சொல்லிக்கொடுத்தவள். கடைசியில் கயாக்கும் சொல்லிக்கொடுத்தேன். அங்கேதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கயாக் என்றால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. மலையிலிருந்து நுரைத்துக்கொண்டு இறங்கும் ஆற்றில் அதை ஓட்டுகிற சின்னக் குழு எங்களுடையது. மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் பயிற்சியாளர், ஒரு பல் டாக்டர், ஒரு வெல்டர், ஒரு கணக்கு டீச்சர், நான். எட்டு வருடம் முதல் படகு என்னுடையது. முதல் படகில் போகிறவர்தான் வழி பார்த்துச் சொல்வார். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஆற்றில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சின்னவள் சேர்ந்து இரண்டே வருடம். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். ஆனால் தண்ணீர் அவளுக்கு வழிவிட்டது. நான் பத்துத் தடவை துடுப்புப் போடுகிற இடத்தில் அவள் மூன்று தடவை போட்டாள். போட்டிக்குப் போனாள், கோப்பையோடு வந்தாள். அம்மா அந்தக் கோப்பையை அலமாரியில் வைத்தாள். வைக்க இடம் இல்லை என்று அங்கே இருந்த என் சான்றிதழை எடுத்து மெத்தைக்கு அடியில் செருகினாள். "மடங்காம இருக்கும்டி" என்றாள். நான் சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. மாலை 6:40. சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் அறையில் கூடினோம். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்குத் திட்டம் போட. பாதுகாப்பு விஷயத்தில் மாஸ்டர் ரொம்பக் கறார். பாலத்தூணில் தண்ணீர் மட்டம் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் பயணம் ரத்து. ஆற்றங்கரையில் பத்தடிக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். விசில் ஒரு தடவை ஊதினால் நில். மூன்று தடவை ஊதினால் ஆபத்து. கரையிலிருந்து கை காட்டுகிறவர் ஒருபோதும் ஆபத்தை நோக்கிக் காட்டக் கூடாது. போக வேண்டிய வழியை மட்டும்தான் காட்ட வேண்டும். நுரைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. கை எந்தப் பக்கமோ படகு அந்தப் பக்கம். கேள்வி கேட்க நேரம் இருக்காது.

அப்புறம் எங்கள் தாள். பயணத் தாள். ஆற்றில் ஆறு வளைவுகள். தாளில் ஆறு கட்டங்கள். முதல் நாளே ஒருவர் கரையோடு நடந்து ஆற்றைப் பார்த்து வருவார். எந்த வளைவில் என்ன மாறியிருக்கிறதோ அதை அந்தக் கட்டத்தில் எழுதுவார். மாற்றம் இல்லை என்றால் எழுத வேண்டியதில்லை. வெற்றுக் கட்டம் என்றால் 'பழையபடியே இருக்கிறது, இறங்கிப் பார்க்க வேண்டாம், நேராகப் போகலாம்' என்று அர்த்தம். எழுதி எழுதிச் சோம்பல் பட்டு நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது. நல்ல வழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மாஸ்டர் சுண்ணாம்புத் துண்டை எடுத்துப் பலகையில் வரிசை எழுதினார்.

"முதல் படகு, சின்னவ."

அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீ கரையில இரும்மா. கரைக்கு நம்பிக்கையான ஆள் வேணும். நாளன்னைக்கு ஆத்தைப் பாத்துட்டு வந்து தாளையும் நீயே எழுதிடு. உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

நம்பிக்கையான ஆள். பழம் தின்று கொட்டை போட்டவளை வாசலில் செருப்புக்குக் காவல் வைப்பதற்கு எவ்வளவு அழகான பெயர்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அதற்குள் போனில் கேட்டுவிட்டிருந்தாள். "சின்னவதான் முதலாமே! கூடவே இருந்து பாத்துக்கோடி. அவ சின்னப் பொண்ணு." எனக்கு இருபத்தேழு வயது இருந்தபோது யாரும் என்னைச் சின்னப் பொண்ணு என்று சொல்லவில்லை. அவளுக்கு இருபத்தேழு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு அவசர எக்ஸ்ரே. முடித்துவிட்டு நேராக ஆற்றுக்குப் போனேன். பச்சை லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன். பழக்க தோஷம், சட்டையில் இருந்த வில்லையைக் கழற்றி ஜாக்கெட்டில் குத்தியிருக்கிறேன். அது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

முதல் வளைவு, மாற்றமில்லை. இரண்டாவது வளைவில் ஒரு பாறை உருண்டு நகர்ந்திருந்தது. எழுதினேன்.

மூன்றாவது வளைவில் நடு ஆற்றில் ஒரு பெரிய கல் உண்டு. பத்துப் பேர் நிற்கலாம். அதில் மோதி ஆறு இரண்டாகப் பிரியும். வலது பக்கம் முரட்டு வழி. இடது பக்கம் சுலபம். எட்டு வருடமும் இடது பக்கமாகத்தான் போயிருக்கிறோம்.

இடது வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது.

மேலிருந்து வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. தண்ணீருக்குக் கீழே கிளைகள் விரிந்து கிடந்தன. இப்படிக் கிடப்பதை நாங்கள் சல்லடை என்போம். தண்ணீர் போகும். ஆள் போக முடியாது. படகோடு சிக்கினால் தண்ணீர் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். இழுத்தெடுக்க ஆற்றை நிறுத்தினால்தான் உண்டு.

பென்சிலை எடுத்தேன். மூன்றாம் கட்டத்தில் முனையை வைத்தேன்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நுரைத்துக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று தலையை உதறினேன். வாட்சைப் பார்த்தேன்.

10:17.

நிமிர்ந்தேன். நடு ஆற்றுக் கல்லில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

என் வயதுதான் இருக்கும். வெளுத்துப்போன ஆரஞ்சு ஜாக்கெட். ஒரு கொக்கி உடைந்து, சிவப்பு ஷூ லேஸால் முடிச்சுப் போட்டிருந்தது. இடது புருவத்தை ஒரு பழைய தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது. எங்கேயாவது படகு கவிழ்ந்து கல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உச்சந்தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டிக்கொண்டிருந்தது... ஆனால் அவள் உட்கார்ந்திருந்த கல் காய்ந்திருந்தது.

"யாருக்கு முதல் படகு?" என்றாள்.

இருபதடி தூரம். பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்டது.

"தங்கச்சிக்கு" என்றேன். ஏன் பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நீதான சொல்லிக்கொடுத்த?"

"ஆமா."

"எனக்கும் ஒரு தங்கச்சி."

கொஞ்ச நேரம் என் கையில் இருந்த பென்சிலையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எழுதாத."

எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. அவள் சொன்னதற்காக இல்லை. அதே வார்த்தை ஒரு நிமிடத்துக்கு முன்னால் என் மனதில் ஓடியது. அதற்காக.

ஒரு பறவை கத்தியது. ஆற்றுச் சத்தம் திடீரென்று திரும்பி வந்து காதில் அறைந்தது. கண்ணைச் சிமிட்டினேன். கல்லில் யாரும் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். என்ன கணக்கு என்று சொல்கிறேன், திட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு நான் எங்கே நிற்பது என்பதை நானே முடிவு செய்யலாம். இங்கே நிற்பேன். சின்னவள் தைரியமாக இடது பக்கம் திரும்புவாள். சரியான நேரத்தில் விசில் ஊதுவேன். எல்லோரும் நிற்பார்கள். மரத்தைக் காட்டுவேன். 'நேத்து இல்லையே, ராத்திரி விழுந்திருக்கும்போல' என்பேன். கரையில் நின்றே அஞ்சு பேர் உயிரைக் காப்பாற்றினாள் என்பார்கள். முதல் படகுக்கு வழி பார்க்கத் தெரியவில்லை என்பார்கள்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மூக்கு உடைபடும். அவ்வளவுதான் என் ஆசை.

நான் பொய் எழுதவில்லை. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஞாயிறு. காலை 9:10. படகு இறக்கும் இடத்தில் காவலர் அறை ஒன்று உண்டு. அங்கே தாளின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும், கரையேறிவிட்டேன் என்று. ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. காவலர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கித் தாளைப் படித்தார். மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

சுவரில் தொங்கிய ஏதோ ஒரு தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, என் தாளை வாங்கி வைத்தார்.

9:30. ஐந்து படகுகளும் இறங்கின. முன்னால் மஞ்சள் படகு. சின்னவள் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, மூணாவது வளைவுல நிக்கிறியா? அங்க ஒரு போட்டோ எடு!" என்றாள்.

வண்டியில் சுற்றுப்பாதையாகப் போய், ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். 10:02. காய்ந்த பாதை. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

பாதையில் ஈரக் காலடிகள் இருந்தன.

எனக்கு முன்னால் போயிருந்தன. ஒரு ஜோடிதான். போனது மட்டும்தான்... திரும்பி வந்த தடம் இல்லை.

10:09. கரைக்கு வந்துவிட்டேன். கல்லில் யாரும் இல்லை. மரம் அப்படியே கிடந்தது. தண்ணீரில் விழுந்தவருக்கு வீசுகிற கயிற்றுப் பையை எடுத்துத் தயாராக வைத்தேன். விசிலை வாயில் வைத்தேன்.

10:14. மேலே வளைவில் மஞ்சள் தெரிந்தது. எவ்வளவு அழகாக வந்தாள்! அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது என்றால் நம்புவீர்களா? எரிந்தது.

10:15. ஊதினேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி ஊதினேன். காற்று போகிறது. விசிலுக்குள் இருக்கிற குண்டு உருள்கிறது. விரலில் அதிர்வு தெரிகிறது. சத்தம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஆற்றுக்கும் சத்தம் இல்லை.

"நில்லு!"

வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"நில்லுடி! நில்லு!"

இல்லை.

கல்லைப் பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தாள்.

ஆரஞ்சு ஜாக்கெட். சிவப்பு லேஸ். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு... என் தங்கையைப் பார்த்து.

கையை நீட்டினாள்.

இடது பக்கம்.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

படகு இடது பக்கம் திரும்பியது.

தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முப்பதடி.

நில்லு, திரும்பு, வேண்டாம்... எதற்கும் குரல் இல்லை.

இருபதடி.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடியது. வயிற்றில் இருந்த அத்தனையும் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது.

"மரம் இருக்கு! நேத்தே பாத்தேன்! நான்தான் எழுதல!"

கேட்டது.

என் குரல் இரண்டு கரையிலும் மோதித் திரும்பி வந்தது. ஆறு முழுச் சத்தத்தோடு பாய்ந்தது. வாட்ச் கண்ணில் பட்டது.

10:17.

சின்னவள் துடுப்பைக் குத்தினாள். படகு பக்கவாட்டில் திரும்பியது. கல்லில் இடித்தது. கவிழ்ந்தது. ஒரு தலை மேலே வந்தது. கயிற்றுப் பையை வீசினேன். எட்டு வருடத்தில் அவ்வளவு சரியாக நான் வீசியதில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். கரையில் கிடத்திய பிறகும் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தேனாம். மாஸ்டர் வந்துதான் என் விரல்களைப் பிரித்திருக்கிறார்.

காலிப் படகை ஆறு மரத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்துத்தான் எடுக்க முடிந்தது. இரண்டாக மடிந்திருந்தது.

மாஸ்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்தே பாத்தியா?"

"பாத்தேன்."

பல் டாக்டர் குனிந்து ஜாக்கெட் கொக்கியைச் சரிசெய்வதுபோல நின்றார். டீச்சர் அழுதாள். வெல்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னவள் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா... நீ கல்லு மேல நின்னு இடது பக்கம் கை காட்டின. அதான் திரும்பினேன்."

"நான் இல்ல."

"பச்சை ஜாக்கெட். உன் மூஞ்சி. எனக்குத் தெரியாதா?" அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "அப்புறம் கரையில இருந்தும் நீதான் கத்துற. ரெண்டு எடத்துல எப்படிக்கா இருந்த?"



காவலர் அறைக்குத் திரும்பினோம். ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது கையெழுத்து விழும்வரை காவலர் மூச்சு விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மற்றவர்கள் போன பிறகு என்னை நிற்கச் சொன்னார்.

"மூணாவது வளைவா?"

தலையாட்டினேன்.

சுவரில் ஒரு ஆணி. அதில் பழுப்பேறிய ஒரு தாள் தொங்கியது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாள்களை வருடக் கடைசியில் எரித்துவிடுவார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் அந்தத் தாளை எடுக்கக் கூடாது. ஆணியிலேயே இருக்கும். பதினேழு வருடத்துக்கு முந்தைய தாள் அது. முதல் படகுக்கு ஒரு பெண் பெயர். அதற்கு எதிரே கையெழுத்து இல்லை. கரை ஆளாக இன்னொரு பெண் பெயர். இரண்டுக்கும் ஒரே இனிஷியல்.

மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தது.

"அக்கா தங்கச்சிங்க" என்றார் காவலர். "சின்னதுதான் போச்சு. மரத்துல மாட்டி."

பெயர்களை இங்கே எழுத மாட்டேன். காவலரிடம் கேட்டு அக்காவின் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டேன். செத்துப்போன தங்கைதான் கல்லில் வருகிறாள், பழிவாங்குகிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். அக்காவைப் பார்த்துத் தங்கையின் போட்டோ ஒன்று கேட்க வேண்டும். புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று தெரிந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி. மாலை 4:25. மணியை அழுத்தினேன். உள்ளே செருப்புத் தேய்கிற சத்தம். கதவு திறந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலை நரைத்திருந்தது. கையில் டம்ளர்.

இடது புருவத்தைத் தழும்பு இரண்டாக வெட்டியிருந்தது.

அந்த முகம்தான். கல்லில் உட்கார்ந்திருந்த அதே முகம். பதினேழு வருடம் மூத்த முகம். உயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டு, என் முன்னால் நின்றது.

என்னைவிட அந்த அம்மாதான் அதிகமாகப் பயந்தார். டம்ளர் கீழே விழுந்து உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா..." என்றார். "பதினேழு வருஷம்... நீ கொஞ்சங்கூட மாறலையே."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"மறக்க முடியுமா? பச்சை ஜாக்கெட்டு. நனைஞ்சுபோய்க் கல்லுல உக்காந்திருந்த. நீதான என்கிட்ட எழுதாதன்னு சொன்ன?"

பதினேழு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். ஆற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"நான் இல்லம்மா. வேற யாராவது..."

அவர் என் நெஞ்சைப் பார்த்தார்.

"இங்க ஒரு வில்லை குத்தியிருந்தியே. சின்னதா, பிளாஸ்டிக்ல. அது எங்க?"

கையை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் மறக்காமல் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

படி இறங்கத் திரும்பியபோது பின்னாலிருந்து கேட்டார்.

"உன் தங்கச்சி?"

"இருக்கா."

"எனக்குக் குரல் வரல" என்றார். "நில்லு நில்லுன்னுதான் கத்தினேன். கடைசி வரைக்கும் அதையேதான் கத்தினேன். வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தோணல." கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் ஆற்றுப் பக்கம் போகவில்லை. தாளை என்னிடம் யாரும் கொடுக்கவும் இல்லை. பச்சை ஜாக்கெட் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தூசி படிந்து. சின்னவள் என்னோடு பேசுகிறாள். முன்னைவிட அன்பாகப் பேசுகிறாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பார்கள். அவளுக்குப் படுகிற கண் என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மாஸ்டர் ஓய்வு பெறுகிறார், இனிமேல் சின்னவள்தான் மாஸ்டர் என்று போன் வந்தது. அம்மா ஓடி ஓடி எல்லோருக்கும் சொன்னாள். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று பழையபடி புகைந்தது. மறுநாளே காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை. கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மதியம் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கால் வழுக்கியது. தரையில் ஈரம். கதவுக்குப் பின்னால் ஜாக்கெட் சொட்டிக்கொண்டிருந்தது. தூசி இல்லை. ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

"அம்மா, என் ஜாக்கெட்டை யாரு எடுத்தா?"

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள். "நீதானடி காலைல போட்டுக்கிட்டுப் போன? பத்து மணி இருக்கும். எங்க போறேன்னு கேக்கிறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சில், நான் குத்தாத வில்லை குத்தியிருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று நான் யாரிடம் போய்ப் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் எந்த வருடத்தில் இருக்கிறாள் என்றும் தெரியாது. ஒருவேளை இதைப் படிக்கிற நீங்களாக இருக்கலாம். உங்களுக்கும் ஒரு தங்கை இருக்கலாம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கலாம். திடீரென்று ஆறு சத்தமில்லாமல் ஓடும். நிமிர்ந்தால், நடுக் கல்லில் பச்சை ஜாக்கெட் போட்டு நனைந்துபோய் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எழுதாத என்பாள்.

எழுதிவிடுங்கள். நான் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.